கார்ட்லெஸ் டிரில் செட் வாங்கப் போகிறீர்களா? முதலில் பேட்டரியைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் இதழில் டிரில்லிங் மெஷினுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வந்த வீட்டைச் சற்று நினைத்துப் பாருங்கள். மானிட்டரைச் சுவரில் மாட்ட வேண்டும். மேஜையில் ஒயர்கள் இறங்க ஒரு ஓட்டை வேண்டும். ரவுட்டரை உயரத்தில் பொருத்த வேண்டும். யு.பி.எஸ். வைக்க ஒரு பலகை அடிக்க வேண்டும். இரண்டு ஓட்டைக்காக ஆள் வர மாட்டார். எனவே பலரும் இன்டர்நெட்டில் தேடி, ஒரு டிரில்லும் ஒரு இம்பாக்ட் டிரைவரும் சேர்ந்த கார்ட்லெஸ் செட்டை ஆர்டர் செய்துவிடுகிறார்கள்.

நான் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர். வார நாட்களில் கீபோர்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடி ஷெட்டில் மர வேலை. இதனால் "இந்த செட் வாங்கலாமா?" என்று என்னிடம் போனை நீட்டுபவர்கள் அதிகம். சென்ற மாதம் கேட்டவர் எங்கள் தெருவில் கார்பென்டர் வேலை செய்யும் அண்ணன். அவர் காட்டிய விளம்பரங்களில் ஒன்று 18 வோல்ட், ஒன்று 21 வோல்ட், ஒன்று 48 வோல்ட். இதில் 48தான் விலை குறைவு. "தம்பி, நம்பர் பெரிசா இருந்தா பவர் ஜாஸ்திதானே? விலையும் கம்மி. இதையே போட்டுடலாமா?" என்றார். பல மாதச் சேமிப்பு அது. மெஷின் பாதியில் நின்றால் அவருடைய அன்றைய கூலி போய்விடும். அவருக்குச் சொன்னதையே இங்கு சற்று விரிவாகத் தருகிறேன்.

பெயர்க் குழப்பம்

முதலில் மூன்று பெயர்களைப் பிரித்துப் பார்ப்போம்.

டிரில் டிரைவர்: முன்னால் மூன்று தாடைகள் கொண்ட சக் இருக்கும். 10 மி.மீ. அல்லது 13 மி.மீ. வரை தடிமன் உள்ள பிட்டைப் பிடிக்கும். கழுத்தில் எண்கள் போட்ட ஒரு வளையம் இருக்கும். இது கிளட்ச். நீங்கள் வைத்த அளவு இறுக்கம் வந்ததும் கடகடவென்று சத்தமிட்டு, மேலும் இறுக்காமல் விட்டுவிடும். மரம், பிளைவுட், இரும்புத் தகடு ஆகியவற்றில் ஓட்டை போடவும் சிறிய ஸ்க்ரூக்களை அளவாக முடுக்கவும் இது ஏற்றது.

ஹாமர் டிரில்: மேலே சொன்னதே. கூடுதலாக ஒரு சுத்தியல் படம் இருக்கும். அந்த நிலையில் வைத்தால் பிட் சுற்றும்போதே முன்னும் பின்னும் இடிக்கும். செங்கல் சுவருக்கு இது தேவை.

இம்பாக்ட் டிரைவர்: பார்க்கக் குட்டையாக இருக்கும். சக் கிடையாது. 6.35 மி.மீ. அறுகோண பிட் மட்டும் நுழையும். ஸ்க்ரூ இறுகத் தொடங்கியதும் உள்ளே ஒரு சுத்தியல் பக்கவாட்டில், அதாவது சுற்றும் திசையில், நிமிடத்துக்கு 3,000 முறைக்கும் மேல் அடிக்கும். 18 வோல்ட் டிரில் டிரைவரின் முறுக்கு விசை பொதுவாக 40 முதல் 60 நியூட்டன் மீட்டர். இம்பாக்ட் டிரைவரில் இது 150ஐத் தாண்டும். மணிக்கட்டைத் திருகாமல் நீளமான ஸ்க்ரூவை மரத்துக்குள் இறக்கிவிடும்.

நம் ஊர்க் கடைகளில் ஹாமர் டிரில்லை இம்பாக்ட் டிரில் என்றும் சொல்வார்கள். இம்பாக்ட் டிரில் வேறு, இம்பாக்ட் டிரைவர் வேறு. முதலாவது முன்பக்கம் இடிக்கும்; சுவரில் ஓட்டை போடும். இரண்டாவது பக்கவாட்டில் அடிக்கும். சுவரில் ஓட்டை போடாது. பாஷ் நிறுவனத்தின் நீல நிறக் கருவிகளில் பெயரே இதைச் சொல்லிவிடும். ஜி.எஸ்.ஆர். என்றால் டிரில் டிரைவர். ஜி.எஸ்.பி. என்றால் இடிக்கும் வசதி உள்ள இம்பாக்ட் டிரில். ஜி.டி.ஆர். என்றால் இம்பாக்ட் டிரைவர்.

நம் வீட்டுச் சுவர்

டிரில்லும் இம்பாக்ட் டிரைவரும் ஒரே பெட்டியில் வருவது அமெரிக்காவில் பிரபலமான ஜோடி. அங்கு பெரும்பாலான தனி வீடுகள் மரச்சட்டத்தில் கட்டி, ஜிப்சம் பலகை அடித்தவை. ஸ்க்ரூ முடுக்குவதே பெரிய வேலை. நம் வீடுகள் செங்கல்லும் சிமென்டும். எனவே நாம் வாங்கும் செட்டில் உள்ள டிரில்லில் சுத்தியல் படம் இருக்க வேண்டும். அது இல்லாத செட்டை வாங்கினால் மானிட்டரைச் சுவரில் மாட்ட முடியாது.

ஹாமர் டிரில்லுக்கும் எல்லை உண்டு. செங்கல் சுவரில் ராவல் பிளக் செருக 6 அல்லது 8 மி.மீ. ஓட்டை போடலாம். பீம், லிண்டல், தளம் போன்ற கான்கிரீட்டில் திணறும். அதற்கு ரோட்டரி ஹாமர் என்ற வேறு மெஷின் வேண்டும். அடிக்கடி தேவைப்படாது என்பதால் வாடகைக்கு எடுத்தால் போதும்.

வோல்ட் என்னும் எண் விளையாட்டு

இப்போது அண்ணனின் கேள்விக்கு வருவோம். கார்ட்லெஸ் டிரில் 1961ல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனத்தால் அறிமுகமானது. அன்று நிக்கல் காட்மியம் பேட்டரி. சோனி 1991ல் லித்தியம் அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2003ல் பாஷ் ஒரு சிறிய ஸ்க்ரூ டிரைவரிலும், 2005ல் மகிடா 18 வோல்ட் கருவிகளிலும் இதைப் பயன்படுத்தின. இன்று உங்கள் லேப்டாப், மொபைல், டிரில் மூன்றிலும் ஒரே வகை பேட்டரிதான்.

டிரில் பேட்டரியைப் பிரித்தால் உள்ளே டார்ச் செல் போன்ற உருளைகள் இருக்கும். பெரும்பாலும் 18650 என்ற வகை. அதாவது 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம். பழைய லேப்டாப் பேட்டரிகளில் இருந்ததும் இதே அளவுதான். ஒரு செல்லின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட். முழுவதும் சார்ஜ் ஆனதும் 4.2 வோல்ட் வரை போகும். இனி பெருக்கல் கணக்குதான்.

ஐந்து செல் × 3.6 = 18 வோல்ட்.
ஐந்து செல் × 4 = 20 வோல்ட்.
ஐந்து செல் × 4.2 = 21 வோல்ட்.

ஆக, 18, 20 மேக்ஸ், 21 என்று மூன்று பெயரில் விற்பது ஒரே ஐந்து செல்கள்தான். அதேபோல் 10.8 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஒன்றே. மூன்று செல்கள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஒருவர் சராசரியைச் சொல்கிறார், மற்றவர் உச்சத்தைச் சொல்கிறார்.

ஆனால் 48? இதற்கு 13 செல்கள் வேண்டும். ஒரு செல் சுமார் 45 கிராம். செல்கள் மட்டுமே 600 கிராமை நெருங்கும். கைப்பிடிக்குக் கீழே ஒல்லியாக ஒட்டிக்கொண்டிருக்கும் பேட்டரியில் அத்தனை செல்கள் அடங்காது. என் அலுவலக நண்பர் ஒருவர் வாங்கிய 48 பேட்டரியை முழு சார்ஜில் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். 20.6 வோல்ட் காட்டியது. அதாவது அதுவும் ஐந்து செல்தான்! நல்ல நிறுவனங்களிடம் உண்மையான 36 வோல்ட் கருவிகளும் உண்டு. அவற்றின் பேட்டரி பெரிது, கனம், விலையும் அதிகம். மலிவு விலையில் பெரிய எண் கண்டால் பெருக்கல் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஆம்பியர் ஹவர்

பேட்டரியில் இன்னொரு எண் இருக்கும். 2, 4, 5 ஆம்பியர் ஹவர் என்று. வோல்ட்டை இதனால் பெருக்கினால் வாட் ஹவர் கிடைக்கும். 18 வோல்ட், 2 ஆம்பியர் ஹவர் என்றால் 36 வாட் ஹவர். 4 என்றால் 72. உங்கள் லேப்டாப் பேட்டரியின் அடியிலும் இந்த எண் அச்சாகியிருக்கும். எந்த இரண்டு பேட்டரிகளையும் ஒப்பிட இதுவே சரியான எண்.

இங்கும் ஒரு சோதனை உண்டு. டிரில்லுக்கு ஏற்ற ஒரு 18650 செல்லில் 2 முதல் 3 ஆம்பியர் ஹவர்தான் கொள்ளும். ஐந்து செல்கள் மட்டும் உள்ள ஒல்லி பேட்டரியில் 6 ஆம்பியர் ஹவர் என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். இதற்குப் பத்து செல்கள், அதாவது இரட்டை அடுக்குப் பேட்டரி வேண்டும்.

பிரஷ்லெஸ் மோட்டார்

சி.பி.யூ.வின் மேல் சுற்றும் ஃபேனில் கார்பன் பிரஷ் கிடையாது. எலெக்ட்ரானிக் சர்க்யூட்டே மின்சாரத்தை மாற்றி மாற்றிச் செலுத்தி அதைச் சுழற்றுகிறது. ஹார்ட் டிஸ்க் மோட்டாரும் அப்படித்தான். பிரஷ்லெஸ் டிரில்லிலும் இதே தொழில்நுட்பம்தான். உராய்வு குறைவு, சூடு குறைவு. ஒரு சார்ஜில் அதிக வேலை நடக்கும். தினமும் பயன்படுத்துபவர் கூடுதல் விலை கொடுத்து இதை வாங்கலாம். மாதம் ஒருமுறை எடுப்பவருக்குச் சாதாரண மோட்டாரே போதும்.

நீங்கள் வாங்குவது பேட்டரிக் குடும்பத்தை

கட்டுரையின் முக்கியமான இடம் இது. பிரிண்டர் வாங்கியவர்களுக்குத் தெரியும். பிரிண்டர் மலிவு, கார்ட்ரிட்ஜ்தான் செலவு. ஒரு கம்பெனி கார்ட்ரிட்ஜ் இன்னொரு கம்பெனி பிரிண்டரில் சேராது. கார்ட்லெஸ் கருவிகளும் இப்படித்தான். ஒரு நிறுவனத்தின் 18 வோல்ட் பேட்டரி அடுத்த நிறுவனத்தின் 18 வோல்ட் கருவியில் பொதுவாக நுழையாது. ஒரே நிறுவனத்துக்குள்ளும் இந்தப் பிரிவினை உண்டு. பாஷ் பச்சை நிறக் கருவிகளின் பேட்டரி நீல நிறக் கருவிகளில் சேராது. மகிடா 18 வோல்ட் எல்.எக்ஸ்.டி. பேட்டரி அதன் 40 வோல்ட் கருவிகளில் சேராது.

எனவே முதல் செட் வாங்கும் நாளிலேயே அடுத்த பத்து வருடக் கருவிகளையும் தீர்மானித்துவிடுகிறீர்கள். அடுத்து ஒரு ஜிக்சா, ஒரு கிரைண்டர் தேவைப்பட்டால், பேட்டரி இல்லாத வெறும் கருவியைக் குறைந்த விலையில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த நிறுவனம் இவற்றையெல்லாம் தயாரிக்க வேண்டும். உங்கள் ஊரில் பேட்டரி கிடைக்க வேண்டும். பேட்டரி எப்படியும் சில வருடங்களில் தளர்ந்துவிடும். அன்று மாற்றுப் பேட்டரி கிடைக்காவிட்டால் நல்ல மோட்டாரும் பழைய இரும்புதான். 48 வோல்ட் விளம்பரத்தில் நிறுவனத்தின் முகவரியே இல்லை. "அண்ணே, ரெண்டு வருஷம் கழிச்சு பேட்டரி எங்க வாங்குவீங்க?" என்று கேட்டேன். அந்த விளம்பரத்தை அவரே மூடிவிட்டார். சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் 18 வோல்ட் பிரஷ்லெஸ் செட்டை, 4 ஆம்பியர் ஹவர் பேட்டரி இரண்டுடன், கடையில் கையில் பிடித்துப் பார்த்து வாங்கினார்.

வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்றால் 12 வோல்ட் செட்டே போதும். எடை குறைவு. வருடத்துக்கு நாலு ஓட்டைதான் போடுவீர்கள் என்றால் செட்டே வேண்டாம். ஒயர் உள்ள 13 மி.மீ. இம்பாக்ட் டிரில் வாங்குங்கள். விலை குறைவு, கெட்டுப்போக பேட்டரியும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு

அமெரிக்காவில் இருந்து உறவினர் கொண்டு வருகிறாரா? லேப்டாப் அடாப்டரில் 100-240 வோல்ட் என்று இருக்கும். எங்கும் செருகலாம். ஆனால் அங்கு விற்கும் டிரில் சார்ஜர்கள் பலவும் 120 வோல்ட்டுக்கு மட்டுமே. நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைந்துவிடும். சார்ஜரின் அடியில் படிக்கச் சொல்லுங்கள். விமானத்தில் தனியாக எடுத்து வரும் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட் ஹவர் வரை தனி அனுமதி தேவையில்லை. 18 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர் என்றால் 90தான், பிரச்னை இல்லை.

கம்ப்யூட்டர் அருகே கவனம்

* கேபினெட், மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் ஸ்க்ரூக்களுக்கு இம்பாக்ட் டிரைவரைக் கொண்டு போகாதீர்கள். மரை கழன்றுவிடும், போர்டு விரிசல் விடும். கையால் திருகுங்கள்.

* மானிட்டரின் பின்புறம் உள்ள நான்கு ஓட்டைகள் பொதுவாக 75 அல்லது 100 மி.மீ. சதுரத்தில் இருக்கும். எம்4 ஸ்க்ரூ சேரும். இதையும் கையால்தான் முடுக்க வேண்டும்.

* சுவரில் ஓட்டை போடும் முன் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் தவிர்க்கவும். உள்ளே ஒயர் பைப் ஓடும். அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். கார்ட்லெஸ்ஸின் பெரிய வசதியே இதுதான், கரன்ட் இல்லாமலும் வேலை செய்யும்.

* சிமென்ட் தூள் ஃபேனுக்குள் போகும். கம்ப்யூட்டரை நிறுத்தி, துணி போட்டு மூடுங்கள்.

* கண்ணாடி அணியுங்கள். இம்பாக்ட் டிரைவர் காதைத் துளைக்கும், காதில் பஞ்சாவது வையுங்கள்.

* பேட்டரியை வெயிலில், அடுப்பருகில் வைக்காதீர்கள். நெடுநாள் எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் செய்யவே கூடாது. குப்பையிலும் போடாதீர்கள். 2022ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.

கடைக்குப் போகும் முன்

1. சுவரா, மரமா? சுவர் என்றால் சுத்தியல் படம் இருக்கிறதா?
2. செல் எண்ணிக்கையும் வோல்ட்டும் பொருந்துகிறதா?
3. வாட் ஹவர் எவ்வளவு? பேட்டரி ஒன்றா, இரண்டா?
4. அதே பேட்டரியில் ஓடும் வேறு கருவிகள் உண்டா?
5. சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம்? தனிப் பேட்டரியின் விலை என்ன?
6. பில்லில் சீரியல் எண் எழுதித் தருகிறார்களா?

இந்த ஆறு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஐந்தாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கும் கடையில் மட்டும் வாங்காதீர்கள்.