மேனியில் செம்புள்ளி கண்டால்

பிள்ளையின் மேனியில் செம்புள்ளி கண்டால், "வெக்கைக் கொதி" என்று சொல்லிக் கனமூலைப் பக்கத்தில் நாம் விட்டுவிடுவதுண்டு. அது சின்னமுத்தாகவும் இருக்கலாம்.

சின்னமுத்து ஒரு வைரசுக் கிருமியால் வருவது. முதலில் கடும் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவத்தல். சில நாள் கழித்தே முகத்திலும் காதின் பின்புறத்திலும் புள்ளிகள் தோன்றி உடலெங்கும் இறங்கும். ஆனால் புள்ளி தெரிவதற்கு 4 நாள் முன்பே நோய் மற்றவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். நோயாளி இருமிய அறையில் கிருமி 2 மணி நேரம் வரை தங்கும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து, கொட்டில்களில் நெருங்கி வாழ்ந்தவர்களுக்கு இதன் ஆபத்து விளங்கும்.

1999–2000 இல் இந்நோய் இலங்கையில் பெருமளவில் பரவியது. 2019 இல் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023 இல் மீண்டும் வந்தது. ஊசி தவறிய பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம்.

ஆகவே 9 மாதத்திலும் 3 வயதிலும் ஊசி போடுவியுங்கள். இடம்பெயர்ந்தபோது அட்டை தொலைந்ததா? வெட்கப்படாமல் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். முன்பு போட்டிருந்தாலும் மறுபடி போடுவதால் கெடுதியில்லை.

நோயுற்ற பிள்ளையைப் பத்தியமென்று பட்டினி போடாதீர்கள். தாய்ப்பால், கஞ்சி, மீன், முட்டை, கீரை கொடுங்கள். கண்ணைக் காக்கும் விற்றமின் ஏ பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். மூச்சிரைப்போ வலிப்போ கண்டால், பால் குடிக்க மறுத்தால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். நாளைக்கென்று வைக்காதீர்கள்.