ஏழு பேரும் ஏழு நாய்களும்: மலைக்குக் குடிபோதல் குறித்துச் சில குறிப்புகள்

நகரத்தை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் ஒரு ஏக்கரோ இரண்டு ஏக்கரோ வாங்கிப்போட்டு, 'போதும்டா சாமி' என்று போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்கிற பேச்சு நம் வட்டத்தில் சாதாரணமாகிவிட்டது. கவிஞர்கள் பேசுகிறார்கள், கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்கள் பேசுகிறார்கள், இயக்க வேலையில் களைத்துப்போனவர்களும் பேசுகிறார்கள். நம்மாழ்வாரின் மறைவுக்கு (2013) பிறகும், குறிப்பாக 2017 ஜனவரியில் மெரினாக் கூட்டம் கலைந்த பிறகும் இந்தப் பேச்சு வேகம் பிடித்தது. சிலர் பேச்சோடு நிற்காமல் போயும்விட்டார்கள். அவர்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. இது என்ன வகையான போதல் என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

விளங்கிக்கொள்ள ஜவ்வாது மலை வசதியான இடம். ஏனென்றால் அந்த மலையின் மக்களே 'நாங்க நகரத்துலேர்ந்து வந்தவங்க' என்று தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறவர்கள். மலையாளிகள் என்பது அவர்கள் பெயர். கேரளத்தோடு சம்பந்தமில்லை, பேசுவது தமிழ்தான். வடஆற்காடு மாவட்டக் கையேட்டில் பதிவாகி, பிறகு 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் எடுத்தாளப்பட்ட கதை இது. சக ஆண்டு 1055 என்று அதற்கு வருஷம்கூடக் குறித்திருக்கிறார்கள். கங்குந்தி வேடர்கள், காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்கிறார்கள். வேளாளர்கள் இளக்காரமாக மறுத்துவிடுகிறார்கள். கோபத்தில் வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மீட்டுவர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்படுகிறார்கள். போகும்போது மனைவிமாரிடம், 'நாய் மட்டும் தனியா வந்தா நாங்க செத்துட்டோம்னு வெச்சிக்கோங்க, காரியத்தைப் பண்ணிடுங்க' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் எப்படியோ கரையேறிவிட, நாய்கள் பாதி ஆற்றில் திரும்பி நீந்தி ஊர் போய்ச் சேர்கின்றன. இவர்கள் போய் வேடர்களைக் கொன்றுவிட்டு வீடு திரும்பினால், கருமாதி முடிந்து மனைவிகள் தாலி அறுத்தாகிவிட்டது. உயிரோடு நிற்கிறவர்களுக்கு ஊரில் இடமில்லை. சாதியிலும் இல்லை. வேடர் பெண்களைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலையேறி உழவு பார்த்தார்கள்; அவர்கள் வழி வந்தவர்களே மலையாளிகள்.

இந்தக் கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு பிரதியாக வாசிக்கலாம். தூக்கிச் செல்லப்பட்ட ஏழு பெண்கள் கடைசியில் என்ன ஆனார்கள் என்று கதை சொல்வதில்லை. அவர்களுக்காகத்தான் எல்லாமே நடந்தது என்றாலும் பாதியில் காணாமல் போகிறார்கள். வேடர்கள் கொல்லப்படுகிறார்கள், அவர்கள் பெண்கள் மனைவிகளாகிறார்கள். அதாவது முன்பே இருந்தவர்களின் மேல் வந்தவர்கள் குடியேறிய ஒரு வன்முறை, மீட்புக் கதையாகச் சொல்லப்படுகிறது. காஞ்சிபுரம் என்ற பெயர் இங்கே ஒரு சாதிச் சான்றிதழ் வேலையைச் செய்கிறது: நாங்கள் காட்டான்கள் இல்லை, நல்ல குடி, சந்தர்ப்பம் இப்படி ஆக்கிவிட்டது. இத்தனையும் சேர்ந்ததுதான் இக்கதை. இருந்தாலும் நம் விஷயத்துக்கு முக்கியமானது ஒன்றே: அந்த ஏழு பேருக்குத் திரும்பிப் போக வழியில்லை. நகரம் அவர்களை இறந்தவர்களாக எழுதி மூடிவிட்டது. மலை அவர்களுடைய தேர்வு அல்ல, மிச்சம்.

இதே கதை பிற்பாடு அவர்களுக்கு எதிராகவே திரும்பியது தனிச்சோகம். இவர்கள் தொல்குடிகள் அல்ல, சமவெளியிலிருந்து பிற்காலத்தில் ஏறிய தமிழர்கள் என்றுதான் தர்ஸ்டன் எழுதுகிறார். சுதந்திர இந்தியாவின் பட்டியலில் மலையாளிகள் பழங்குடியினராக இடம்பெற்றார்கள். ஆனால் குறிப்பிட்ட சில பழைய மாவட்டங்களில் மட்டும். ஈரோட்டுப் பக்கத்து மலையாளிகள் அந்த வட்டத்துக்கு வெளியே நின்று நெடுங்காலமாகப் போராடி வருகிறார்கள். நகரத்திலிருந்து வந்தேன் என்று நீங்களும் நானும் சொன்னால் அது ஒரு மதிப்பு. இயற்கை ஆர்வலர் என்பார்கள், பேட்டி எடுப்பார்கள். அதையே மலையாளி சொன்னால் சந்தேகம்.

மலைக்குப் போவது பற்றித் தமிழில் இன்னொரு வடிவமும் உண்டு. இதே நிலப்பகுதிக்கு உரியது. பத்துப்பாட்டில் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தர்களை அனுப்பிவைக்கிறது. செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிர மலையைப் பர்வதமலை என்கிறார்கள். சேயாறு ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, புனம் காப்பவர்களின் கவண்கல் எங்கே பறந்துவரும், எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்று 583 அடிகளில் அது வழி சொல்கிறது. ஆற்றுப்படையின் இலக்கணம் நமக்குத் தெரிந்ததுதான்: போய்ப் பரிசு வாங்கித் திரும்பி வந்தவன், இன்னும் போகாதவனுக்கு வழி காட்டுகிறான். திரும்பி வருவது அந்த வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. திரும்பாதவன் ஆற்றுப்படை பாட முடியாது.

மலைக்குப் போனவர்கள் இன்று எழுதுவது பெரும்பாலும் ஆற்றுப்படைதான் என்று எனக்குப் படுகிறது. மழைச் சத்தம், சாமைச் சோறு, தேன், மின்சாரமில்லாத இரவு எல்லாம் எழுத்தாகி நகரத்துக்கே வருகின்றன. வாசகன் நகரத்தில் இருக்கிறான். தோரோ எமர்சனின் நிலத்தில் குடிசை போட்டு இரண்டு வருஷம் இரண்டு மாதம் இருந்தார், திரும்பினார், எழுதினார். அதனால் அந்தப் புத்தகம் பொய்யாகிவிடாது. இங்கிலாந்தின் கிராமமும் நகரமும் குறித்து 1973இல் எழுதிய ரேமண்ட் வில்லியம்ஸ் வேறொன்றைக் கவனித்தார்: ஒவ்வொரு தலைமுறை எழுத்தாளனும் நல்ல கிராமம் தனக்குக் கொஞ்சம் முன்னால்தான் அழிந்தது என்கிறான், அந்த அழகான கிராமக் காட்சிக்கு நடுவிலுள்ள மாளிகையை எந்தப் பணம் கட்டியது என்று மட்டும் கேட்பதில்லை. நமக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஓ.எம்.ஆர். சம்பளத்தில் வாங்கிய நிலம், யார் எதற்காக விற்ற நிலம்?

நகரம் இந்த மலைக்குப் பல உருவங்களில் ஏறியிருக்கிறது. வானியலாளர் வைனு பாப்பு இருட்டைத் தேடி வந்தார். காவலூரில் 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது; 1977இல் யுரேனஸின் வளையங்கள் கண்டறியப்பட்டபோது அதன் பங்கும் இருந்தது. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. (நகரம் மலையிடம் கேட்டவற்றில் ஆகக் குறைவான சேதம் செய்தது இந்த இருட்டாகத்தான் இருக்கும்.) வனத்துறை சந்தனத்துக்காக வந்தது. சொந்தப் பட்டா நிலத்தில் முளைத்த சந்தனமும் நெடுங்காலம் அரசின் சொத்தாகவே இருந்தது. தன் கொல்லையிலேயே திருடன் ஆகிவிடக்கூடிய நிலை. பக்கத்து ஏலகிரிக்கு விடுதிகள் வந்தன. அங்கும் மலையாளிகள்தான், பலர் தாங்கள் விற்ற நிலத்து விடுதிகளிலேயே கூலிக்கு நிற்கிறார்கள்.

எதிர்த்திசைப் போக்குவரத்தைப் பற்றி நம் ஆற்றுப்படைகள் பேசுவதில்லை. சாமையும் புளியும் வருஷத்தைத் தள்ளப் போதாமல் மலையாளிகள் திருப்பூருக்கும், கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் இறங்குகிறார்கள். மரம் வெட்டத் தெரிந்த கையைத் தேடி ஏஜெண்டு வருகிறான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தார்கள் என்று ஆந்திரச் சிறப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. பலரும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் சித்தேரி மலைக்காரர்களும் அதில் உண்டு. மோதல் என்றது காவல்துறை. பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். பணம் தேடி மலையிறங்கிப் போனவர்கள் பிணமாக ஏறி வந்தார்கள். அதே வருஷங்களில்தான் நிம்மதி தேடி ஏறுவது ஒரு மோஸ்தராக ஆகிக்கொண்டிருந்தது.

அப்படியானால் யாருமே போகக்கூடாதா என்று கேட்கலாம். போனவர்களில் வேறுமாதிரி இருந்தவர்களும் இருக்கிறார்கள். ஜவ்வாதுக்குத் தெற்கே, சித்தேரிக்கும் கல்வராயனுக்கும் இடையிலுள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்குக்கு 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதியர் போனார்கள். ஓலைக் கொட்டகையில் தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பெண்களையே மருத்துவ வேலைக்குப் பழக்கினார்கள் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். டாக்டர் நாளைக்குப் புறப்பட்டாலும் ஊசி போடுகிற கை ஊரில் இருக்கும். ஜவ்வாது அடிவாரத்திலேயே, சிங்காரப்பேட்டைக்குப் பக்கம் புளியானூரில் குக்கூ காட்டுப்பள்ளி இருக்கிறது. குழந்தைகளோடு வேலை, தும்பி சிறார் இதழ், தன்னறம் பதிப்பகம் என்று அதைச் சுற்றி ஒரு கூட்டம் உருவாகியிருக்கிறது. அவர்களுடைய மொழியில் ததும்பும் நெகிழ்ச்சி எனக்கு ஒத்துவராது. சமயத்தில் அரசியலை அது மழுங்கடிக்கிறது என்றும் நினைக்கிறேன். ஆனால் பாழடைந்த ஊர்க்கிணறுகளைத் தூர்வாரிக் கட்டுகிற அவர்களின் வேலை வேறு. கிணறு ஊருடையது, தூர்வாரியவர் போனாலும் தண்ணீர் இருக்கும். தனக்கென்று போர் போட்டுக் கம்பிவேலி அடிப்பவரிடமிருந்து இந்த இடத்தில் அவர்கள் பிரிகிறார்கள்.

நிலத்தைப் பற்றி மட்டும் கடைசியாக ஒன்று. அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் 10 மாநிலங்களில் உண்டு. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. பழங்குடி நிலம் பிறர் கைக்குப் போகாமல் தடுக்க ஆந்திரத்தில் இருப்பது போன்ற வலுவான சட்டமும் இங்கே இல்லை. 2006 வன உரிமைச் சட்டம், பரம்பரையாக உழுத காட்டு நிலத்துக்கு உரிமை தருவதாகச் சொன்னது. 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரம் வழங்குவது 2016 வரை முடங்கிக் கிடந்தது. அந்த எட்டு வருஷமும் சார்பதிவாளர் அலுவலகங்கள் திறந்துதான் இருந்தன. சமவெளியிலிருந்து போனவர் அடிவாரத்தில் காலையில் கையெழுத்துப் போட்டுச் சாயந்திரம் பத்திரத்தோடு வீடு திரும்பலாம். மேலே உழுதுகொண்டிருந்தவரின் மனு கட்டோடு கட்டாகக் கிடந்தது.