எலியாஸ் ஸ்னிட்சர்

எலியாஸ் ஸ்னிட்சர் (பெப்ரவரி 27, 1925 – மே 21, 2012) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். கண்ணாடி இழையையே ஒளியைப் பெருக்கும் ஊடகமாகக் கொண்ட இழை லேசரை முதன்முதலில் உருவாக்கியவர் இவரே. ஒளியிழை உணரிகளின் தொடக்ககால ஆய்வுகளிலும் இவருக்குப் பங்குண்டு. 1960களில் இவர் முன்வைத்த கருத்து தொழிற்சாலைகளில் பயனுக்கு வர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. உலோகத்திலும் துணியிலும் லேசர் வேறுவேறு விதமாக வேலை செய்வதால், திருப்பூர் போன்ற பின்னலாடைத் தொழில் நகரங்களில் இக்கண்டுபிடிப்பின் பயனையும் எல்லையையும் ஒருங்கே காணலாம்.

கல்வியும் பணி இழப்பும்

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் பிறந்த ஸ்னிட்சர், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்றார். பின்னர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1950களில் லோவல் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். அக்காலத்தில் பொதுவுடைமைத் தொடர்புகளை விசாரித்து வந்த அமெரிக்க நாடாளுமன்றக் குழு இவரை அழைத்தது. குழுவின் முன் சாட்சியம் அளிக்க மறுத்ததால் இவர் ஆசிரியர் பணியை இழந்தார்.

1959இல், மூக்குக் கண்ணாடி வில்லைகளுக்குப் பெயர் பெற்ற அமெரிக்கன் ஆப்டிக்கல் நிறுவனம் இவரைப் பணியில் சேர்த்துக்கொண்டது. அங்கு ஒளியிழை பற்றிய ஆய்வுகள் நடைபெற்று வந்தன. கல்லூரி இழந்த ஆசிரியரின் முதன்மையான கண்டுபிடிப்புகள் இவ்வாறு ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் நிகழ்ந்தன.

இழை லேசர்

மே 1960இல் தியோடர் மைமன் மாணிக்கப் படிகத்தைக் கொண்டு உலகின் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டில் ஸ்னிட்சர், நியோடிமியம் என்னும் அருமண் தனிமம் கலந்த கண்ணாடியில் லேசர் ஒளியைப் பெற்றார். கண்ணாடியைப் படிகத்தைப் போல வளர்க்க வேண்டியதில்லை. உருக்கி நூலாக இழுக்கலாம். நியோடிமியம் கலந்த உள்ளகத்தைச் சுற்றிச் சற்றுக் குறைந்த ஒளிவிலகல் எண் கொண்ட கண்ணாடி உறை அமைந்தால், முழு அக எதிரொளிப்பால் ஒளி உள்ளகத்தை விட்டு வெளியேறாது. எனவே ஒளி நெடுந்தொலைவு ஊடகத்தினுள்ளேயே சென்று பெருக்கமடையும். இதுவே இழை லேசரின் அடிப்படைக் கருத்தாகும்.

உள்ளகம் மிக மெல்லியதாக இருந்தால் ஒளி ஒரே வடிவத்தில் மட்டுமே பரவ முடியும் என்பதை ஸ்னிட்சரும் ஹெரால்டு ஆஸ்டர்பெர்க்கும் 1961இல் கோட்பாட்டாலும் சோதனையாலும் விளக்கினர். 1964இல் ஸ்னிட்சரும் சார்லஸ் கோஸ்டரும் 1 மீட்டர் நீள இழையைச் சுருளாக்கி, அதனுள் மின்னொளி விளக்கை வைத்து, ஒளிச் சைகையைச் சுமார் 50,000 மடங்கு பெருக்கிக் காட்டினர். மறு ஆண்டில் இவர் எர்பியம், இட்டெர்பியம் ஆகிய இரு தனிமங்கள் கலந்த கண்ணாடி லேசரையும் வெளியிட்டார். 1987இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவினர் உருவாக்கிய எர்பியம் இழைப் பெருக்கி, பின்னர் கடலடித் தொலைத்தொடர்பு வடங்களுக்கு இன்றியமையாததாயிற்று.

இரட்டை உறை இழை

தொடக்ககால இழை லேசர்களால் மிகுந்த திறனைத் தர இயலவில்லை. சில மைக்ரோமீட்டர் விட்டமே கொண்ட உள்ளகத்தினுள், விளக்கு அல்லது டையோடு லேசரின் பரந்த ஒளியைப் புகுத்துவது கடினமாக இருந்ததே காரணம். 1988இல் போலராய்டு நிறுவனத்தில் ஸ்னிட்சரும் உடன் பணியாற்றியோரும் இதற்குத் தீர்வு கண்டனர். உள்ளகத்தைச் சுற்றி அகன்ற உள் உறையும் அதற்கு வெளியே இரண்டாம் உறையும் அமைத்தனர். டையோடுகளின் ஒளி அகன்ற உள் உறையில் எளிதாகப் புகுந்து, இழை நெடுகச் செல்லும்போது உள்ளகத்தை மீண்டும் மீண்டும் கடந்து, அங்குள்ள தனிமத்தால் உறிஞ்சப்படும். உள்ளகம் நட்ட நடுவில் இருந்தால் சில கதிர்கள் அதைத் தொடாமலே சுற்றிச் சென்றுவிடும் என்பதால், அதைச் சற்று விலக்கி வைத்தனர். இன்று பல கிலோவாட் திறனுடன் எஃகுத் தகடுகளை வெட்டும் இழை லேசர்கள் இரட்டை உறை முறையிலேயே இயங்குகின்றன.

ஒளியிழை உணரிகள்

போலராய்டில் சேர்வதற்கு முன் ஸ்னிட்சர் யுனைட்டெட் டெக்னாலஜீஸ் ஆய்வு மையத்தில் பணியாற்றினார். அருமண் தனிமங்கள் ஒளியை உறிஞ்சும் அளவு வெப்பநிலையைப் பொறுத்து மாறும். இதனைப் பயன்படுத்தி இழை வெப்பநிலை உணரியை 1983இல் இவர் தம் குழுவினருடன் வெளியிட்டார். இத்தகைய உணரி இழையில் மின்னோட்டம் இல்லை. ஆகவே தீப்பொறி எழாது, மின்காந்தக் குறுக்கீடும் பாதிக்காது.

அம்மையத்தைச் சேர்ந்த மெல்ட்ஸ், மோரே, கிளென் ஆகியோர் 1989இல் புற ஊதா ஒளியைப் பக்கவாட்டில் செலுத்தி இழையினுள் பிராக் கீற்றணியைப் பதிக்கும் முறையை வெளியிட்டனர். கீற்றணி குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் எதிரொளிக்கும். இழை நீண்டால் அவ்வலைநீளம் மாறும். 1 மீட்டருக்கு 1 மைக்ரோமீட்டர் என்ற அளவு நீட்சிக்கு, 1550 நானோமீட்டர் ஒளியில் மாற்றம் சுமார் 1.2 பிக்கோமீட்டர் ஆகும். இதே கீற்றணிகள் இழை லேசர்களில் கண்ணாடி ஆடிகளுக்குப் பதிலாகவும் பயன்படுகின்றன.

பின்னலாடைத் தொழிலில்

லேசர் என்றாலே எல்லாப் பொருளையும் வெட்டும் என்பது பொதுவான கருத்து. பொருள் எந்த அலைநீளத்தை உறிஞ்சுகிறது என்பதே பயனை முடிவு செய்கிறது. இட்டெர்பியம் இழை லேசரின் ஒளி சுமார் 1.07 மைக்ரோமீட்டர். வெள்ளைப் பருத்தித் துணி இதைப் பெரும்பாலும் சிதறடித்துவிடும். உலோகம் இதை நன்கு உறிஞ்சும். எனவே உலோகப் பாகங்களில் எண்ணும் குறியும் பொறிக்கவும் தகடு வெட்டவும் இழை லேசர் ஏற்றது.

துணி வெட்டவும், டெனிமை வெளிர வைக்கவும் கார்பன் டை ஆக்சைடு லேசரே பயன்படுகிறது. அதன் 10.6 மைக்ரோமீட்டர் ஒளியைப் பருத்தியும் பாலியெஸ்டரும் நன்கு உறிஞ்சும். வெட்டிய விளிம்பில் பாலியெஸ்டர் உருகி நூல் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும். பருத்தி உருகாது, கருகிப் பழுப்பு நிறம் கொள்ளும். இந்த லேசரை 1964இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர், மகாராட்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் ஆவார்.

உணரி இழைகள் துணிக்குள்ளேயே இடம்பெறக் கூடியவை. 2006 முதல் 2009 வரை நடைபெற்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆப்செத் திட்டத்தில், மீள்தன்மை கொண்ட துணியில் ஒளியிழை இணைத்து, நோயாளியின் மூச்சு அளவிடப்பட்டது. உலோகக் கம்பி கொண்ட உணரிகள் இடர் விளைவிக்கும் காந்த ஒத்ததிர்வுப் படக்கருவியினுள்ளும் இதனைப் பயன்படுத்தலாம்.

இந்தியாவில் கொல்கத்தாவின் மத்திய கண்ணாடி மற்றும் பீங்கான் ஆய்வு நிறுவனத்திலும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் இழை லேசர், ஒளியிழை உணரி ஆகிய இரு துறைகளிலும் ஆய்வுகள் நடைபெறுகின்றன.

பிற்காலம்

1989இல் ஸ்னிட்சர் நியூ செர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கல்லூரிப் பணியை இழந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அவர் ஆசிரியப் பணிக்குத் திரும்பினார். 1994இல் ஒளியிழைத் துறையின் ஜான் டிண்டல் விருது அவருக்கு வழங்கப்பட்டது.