உறை மோர் போல ஒரு புரதம்

தெற்கு இத்தாலியின் கோன்டுர்சி என்னும் சிற்றூரைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு பெரிய குடும்பத்தில் பார்க்கின்சன் நோய் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் குடியேறிய கிளையினரையும் அது விடவில்லை. இக்குடும்பத்தோடு மூன்று கிரேக்கக் குடும்பங்களையும் ஆராய்ந்தவர்கள், 1997-இல் நான்காம் குரோமோசோமில் உள்ள எஸ்.என்.சி.ஏ. மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்தார்கள். பார்க்கின்சன் பரம்பரை நோய் அல்ல என்று மருத்துவ உலகில் பலர் நம்பியிருந்த காலம் அது.

அந்த மரபணு தரும் புரதம் ஆல்ஃபா சைனூக்ளின். 140 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம். அதன் 53-ஆம் இடத்தில் அலனினுக்குப் பதிலாக இக்குடும்பத்தினருக்குத் திரியோனின் இருந்தது. சுண்டெலிகளுக்கு அந்த இடத்தில் இயல்பாகவே திரியோனின்தான். அவற்றுக்குத் தாமாக இந்நோய் வருவதில்லை என்பது வேடிக்கை.

எழுத்துப் பிழை உள்ளவர்கள் மிகச் சிலர். ஆனால், அதே ஆண்டில் மரியா கிராசியா ஸ்பில்லான்டினி குழுவினர், பிழையே இல்லாத நோயாளிகளின் மூளையில் இருந்த உருண்டைகளிலும் இப்புரதத்தைக் கண்டார்கள். 1912-இல் ஃபிரெடரிக் லூயி விவரித்த 'லூயி உடல்கள்' அவை. சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், நரம்பு செல்லுக்குள் இளஞ்சிவப்பு உருண்டையும் அதைச் சுற்றி வெளிறிய வளையமும் தெரியும். உருண்டைக்குள் அடைந்து கிடப்பதில் முக்கியமானது ஆல்ஃபா சைனூக்ளின்.

இப்புரதத்துக்குத் தனியாக இருக்கும்போது நிலையான உருவம் கிடையாது. நரம்பு முனையில், வேதித்தூதுகளைச் சுமக்கும் நுண்பைகளின் சவ்வில் ஒட்டும்போது சுருளாகிறது. தவறாக மடிந்தாலோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு இழையாகிறது. அந்த இழை, பாலில் விட்ட உறை மோர்போல, பக்கத்தில் உள்ள நல்ல புரதங்களையும் தன் வடிவுக்கு இழுக்கிறது. கருவின் மூளைச் செல்களைப் பொருத்திக்கொண்ட சில நோயாளிகள் பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்து இறந்தபோது, அந்த இளம் செல்களிலும் லூயி உடல்கள் இருந்ததாக 2008-இல் ஆய்வுகள் வெளிவந்தன. பழைய மூளையிலிருந்து உறை பரவியிருக்க வேண்டும் என்ற கருத்து அப்போதுதான் வலுப்பெற்றது.

புரதம் கெடவே வேண்டாம், மிகுந்தாலே போதும் என்று காட்டியது 2003-இல் அயோவாக் குடும்பம் ஒன்றின் ஆய்வு. வழக்கமாக இரண்டு பிரதிகள் இருக்க வேண்டிய மரபணு, நோயுற்றவர்களுக்கு நான்கு பிரதிகளாக இருந்தது. எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் நோய் இளவயதிலேயே, மறதிநோயும் சேர்ந்து கடுமையாக வந்தது. மூன்று பிரதி உள்ள வேறு குடும்பங்களில் பொதுவாகச் சற்றுத் தாமதமாகவும் மெதுவாகவும் வருகிறது.

கழிவகற்றும் பக்கத்திலும் கோளாறு வரலாம். ஜி.பி.ஏ. மரபணு, செல்லின் குப்பை அரைக்கும் லைசோசோமுக்கு நொதி தருவது. அது பழுதானால் நோய்வாய்ப்பு கூடும். பார்க்கின், பிங்க்1 ஆகிய மரபணுக்கள் பழுதடைந்த மைட்டோகாண்ட்ரியாவை அகற்ற உதவுபவை. பார்க்கின் பிழையால் இளவயதில் நோயுற்றவர்கள் பலரின் மூளையில் லூயி உடல்களே இருப்பதில்லை. ஆகவே எல்லாப் பழியையும் ஒரே புரதத்தின் மீது போட முடியாது.

லூயி உடல் மறதிநோயிலும் இதே புரதம் நரம்பு செல்களில் திரள்கிறது. பல்மண்டலச் சிதைவு நோயிலோ அது நரம்புக்கு உறையிடும் துணைச் செல்களில் தங்குகிறது. உறைகுளிர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பல்மண்டலச் சிதைவு நோயின் இழை மடிப்பு, லூயி நோய்களின் இழை மடிப்பிலிருந்து வேறுபட்டுத் தெரிகிறது.