ஆகாயப் படத்தைத் தெளிவாக்கும் யந்திரக் கணக்கு

திண்டுக்கல் சமவெளியில் ஒரு குடும்பத்தாரின் நிலம் பல சர்வே எண்களில் துண்டு துண்டாகக் கிடப்பது யாவரும் அறிந்ததே. நிலக்கோட்டையின் மல்லிகைத் தோட்டமும் ஒட்டன்சத்திரத்தின் காய்கறிக் கொல்லையும் பல இடங்களில் சில சென்டுகளே கொண்டவை. இத்தகைய நிலங்களைச் செயற்கைக் கோள் எவ்வளவு தெளிவாகக் காண்கிறது என்பது குடியானவர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் அக்கறையுள்ள விஷயமாகும்.

ஆகாயப் படம் பாய் முடைந்தாற்போல் சதுரக் கட்டங்களால் ஆனது. 1988 மார்ச் 17-ல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்னும் இந்தியக் கோளின் கூரிய காமிராவில் கட்டம் ஒன்று சுமார் 36 மீட்டர் பக்கமுள்ளது. ஓர் ஏக்கர் அதில் மூன்று கட்டங்களே. 2015-ல் ஏவப்பட்ட ஐரோப்பிய சென்டினல்-2 கோளின் கட்டம் 10 மீட்டர் பக்கமுள்ளது. அதாவது சுமார் இரண்டரை சென்ட். ஏக்கருக்கு நாற்பது கட்டங்கள் கிடைப்பினும், வரப்பின் இருபுறமுள்ள மல்லிகையும் சோளமும் ஒரே கட்டத்தில் கலந்துவிடுகின்றன.

இக்குறையைப் போக்க ஆழ்கற்றல் என்னும் கணினி முறை உபயோகிக்கப்படுகிறது. ஹாங்காங் சீனப் பல்கலைக் கழகத்தினர் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் இம்முறையால் மங்கிய படங்களைத் தெளிவாக்கிக் காட்டினர். மங்கிய படமும் அதற்கிணையான தெளிந்த படமும் ஆயிரக்கணக்கில் ஜோடி ஜோடியாகக் கணினிக்குத் தரப்படும். கணினி ஊகித்ததை உண்மைப் படத்தோடு ஒப்பிட்டு, பிழையைக் குறைத்துக்கொண்டே வரும். பழகிய பின் புதிய மங்கல் படத்திலும் வரப்பையும் வாய்க்காலையும் பிரித்துக் காட்டும்.

ஆயினும் இது ஊகமே. கைப்பிடி தானியத்தைக் கண்டு மூட்டையை மதிக்கும் தரகரின் மதிப்பு பெரும்பாலும் சரியாயிருக்கும்; அடியில் பதர் கலந்திருந்தாலோ தவறிவிடும். அகன்ற அயல்நாட்டு வயல்களில் மட்டும் பழகிய கணினி, நம் சிறு தோட்டங்களில் இல்லாத வரப்பை வரையவும் உள்ள வரப்பை அழிக்கவும் கூடும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்த இடத்தை அது நிரப்பிக் காட்டுவதும் இத்தகையதே. மேகத்தை ஊடுருவும் ராடார் படம் அப்பொழுது துணை செய்யும்.

இதில் பணமும் அடங்கியிருக்கிறது. 2016-ல் ஏற்பட்ட பிரதம மந்திரி பயிர் இன்ஷூரன்ஸ் திட்டத்தில், நெல், கோதுமைகளின் மகசூலைக் கணிக்கையில் ஆகாயப் படம் முதலிய நூதன முறைகளுக்குக் குறைந்தது 30 சதவிகித மதிப்புத் தருவது 2023 கரீப் பருவத்தில் தொடங்கியது. தவறான படம் நஷ்ட ஈட்டைப் பாதிக்கலாம்.

ஆகையால் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பருவந்தோறும் அடங்கலில் சரியான பயிர் பதிவாகியுள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் நேரில் கண்டதையே பதிய வேண்டும். இரண்டாவது, பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கையில் உடனிருத்தல் நலம். நெல்லுக்கு 5 மீட்டர் சதுரத்தில் அறுத்து நிறுக்கும் அந்த எடைதான் படத்தைச் சோதிக்கும் உரைகல். மூன்றாவது, கல்மழை போன்ற தனி வயல் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

படம் எவ்வளவு தெளிந்தாலும் ஸ்தல பரிசோதனைக்கு ஈடாகாது. இரண்டும் ஒத்திருக்கும்பொழுதே குடியானவர்க்கு நியாயம் கிட்டும்.