கதவு கடந்த விளையாட்டு

உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வயற்கிராமங்களிலே கிளித்தட்டு ஆடுவதற்கு நிலத்தில் நாலு கோடு கீறினாற் போதும். போர்த்தேங்காய்க்கு வைரித்த தேங்காய் இருந்தாற் போதும். ஆடுவோரும் ஊரவர், பார்ப்போரும் ஊரவர். இதற்கு முற்றிலும் மாறாக, ஊரவர் விருந்தினராய்க் கால்வைக்க இயலாத அறைகளிலே பிறந்த விளையாட்டொன்று உண்டு. பிரித்தானிய இராணுவ அதிகாரிகளின் பொழுதுபோக்குக் கழகங்கள் ஈன்றெடுத்த ஸ்னூக்கரே அது. அக்கழகங்களின் வரலாற்றையும், அந்த விளையாட்டு அவற்றின் கதவைக் கடந்து வந்த கதையையும் இவ்வாரம் நோக்குவோம்.

கடல் கடந்து இந்தியா வந்த படை அதிகாரிகளிற் பலர் இருபது வயதை எட்டியும் எட்டாத இளைஞர்கள். காலையில் அணிவகுப்பு, பின்னர் நீண்ட பகல், அதனினும் நீண்ட இரவு. இத்தனிமையைப் போக்கவே ஒவ்வொரு படைப்பிரிவும் 'மெஸ்' எனப்படும் பொது உணவுக்கூடத்தை நடத்தியது. பெரிய படைநகரங்களில் எல்லாப் பிரிவினரும் கூடும் கழகங்கள் தோன்றின. பெங்களூரில் 1868இல் தொடங்கிய ஐக்கிய சேவைக் கழகம் அவற்றுள் ஒன்று. பிற்காலத்திற் பிரித்தானியப் பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சில், இளம் லெப்டினன்டாக அங்கே பழகியவர். அவர் செலுத்தாமற் சென்ற 13 ரூபா, அறவிட முடியாத பாக்கியாக 1899ஆம் ஆண்டுக் குறிப்பேட்டிற் பதியப்பட்டது. பெங்களூர்க் கழகம் எனப் பெயர் மாறிய பின்னரும் அப்பாக்கி அங்கே நகைச்சுவையாகப் பேசப்படுகிறது.

இனி விளையாட்டுக்கு வருவோம். 1875ஆம் ஆண்டு, மத்திய இந்தியாவின் ஜபல்பூரில் மழைக்காலம். வெளியே செல்ல வழியின்றி டெவன்ஷயர் படைப்பிரிவின் அதிகாரிகள் பில்லியர்ட்ஸ் மேசையைச் சூழ்ந்திருந்தனர். பில்லியர்ட்ஸ் பெரும்பாலும் இருவர் ஆடும் ஆட்டம். பலர் சேர்ந்து, சிறு பந்தயமும் வைத்து ஆடத்தக்க ஆட்டம் ஒன்றை அவர்கள் நாடினர். 19 வயதினரான நெவில் சேம்பர்லேன், பழைய ஆட்டமொன்றின் 15 சிவப்புப் பந்துகளுடன் பிற நிறப் பந்துகளையும் சேர்த்தார். (பிரதமராக விளங்கிய நெவில் சேம்பர்லேன் வேறொருவர் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.) வூலிச் இராணுவக் கலாசாலையில் முதலாண்டு மாணவரை 'ஸ்னூக்கர்' என்று கேலி செய்வது வழக்கம். மேசையிலே பந்தைத் தவறவிட்ட தோழர் ஒருவரை அப்பெயரால் அழைத்தார் சேம்பர்லேன். பின்னர், இவ்வாட்டத்தில் நாம் அனைவரும் புதியவரே என்று அவரே சமாதானமும் கூறினாராம். கேலிப்பெயரே விளையாட்டின் பெயராக நிலைத்துவிட்டது.

ஆப்கானியப் போரிற் காயமுற்ற சேம்பர்லேன், 1881இல் சென்னைப் படையின் தளபதியான பிரெடரிக் ரொபர்ட்ஸிடம் பணியாற்றினார். கோடைதோறும் அவர்கள் நீலகிரி ஏறுவர். அங்கே 1841இல் அமைந்த உதகமண்டலக் கழகத்திலே, படை அதிகாரிகளும் சிவில் அதிகாரிகளும் கூடுவர். அதன் பில்லியர்ட்ஸ் அறையிலேதான் ஸ்னூக்கர் விதிகள் ஒழுங்காக வரையப்பட்டு மாட்டப்பட்டன. 1885இல் இந்தியா வந்த ஆங்கில வீரர் ஜோன் ரொபர்ட்ஸ், சேம்பர்லேனைச் சந்தித்து ஆட்டத்தை அறிந்து சென்றார். பிறப்பிடம் பற்றிப் பிற்காலத்தில் ஐயம் எழுந்தபோது, முதியவரான சேம்பர்லேனே 1938இல் 'பீல்ட்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதி உண்மையை விளக்கினார்.

ஆனால், இக்கதைக்கு மற்றொரு பக்கம் உண்டு. அக்காலக் கழகங்களிற் பெரும்பாலானவற்றில் இந்நாட்டவர் உறுப்பினராக முடியாது. அவர்கள் உள்ளே சென்றது உணவு பரிமாறவும், விளக்கேற்றவும், பந்துகளை அடுக்கவுமே. மேசையருகே நின்று எண்ணிக்கை சொல்லும் 'மார்க்கர்' பெரும்பாலும் இந்தியரே. விதிகளை நுணுக்கமாக அறிந்திருந்தும் அவர் அங்கே சேவகரேயன்றி விருந்தினர் அல்லர். கோலைப் பிடிக்கும் திறமைக்கு நிறமில்லை. கதவுக்கோ நிறம் இருந்தது.

கதவு நெடுநாள் நிலைக்கவில்லை. ஆட்டம் நகரத்துப் பொது மண்டபங்களுக்குப் பரவியது. 1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்று, விளையாட்டில் இந்தியாவின் முதல் உலக வீரரானார். முதலாவது உலக அமெச்சூர் ஸ்னூக்கர் போட்டியும் அதே கல்கத்தாவில் 1963இல் நடந்தது. 1973இல் நம் இலங்கையின் எம். ஜே. எம். லாபீர், பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்று தாய்நாட்டுக்குப் புகழ் தேடித் தந்தார். 1984இல் ஓம் அகர்வால் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் வீரரானார். 2025இல் சென்னையைச் சேர்ந்த அனுபமா இராமச்சந்திரன் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். விதிகள் வரையப்பட்ட அந்நாளில், உதகமண்டலத்து அறைக்குள் ஒரு தமிழ்ப் பெண் கோலேந்தி நிற்பாள் என எவர் எண்ணியிருப்பார்?

அதிகாரிகள் ஆக்கித் தந்ததை நாம் மறுக்க வேண்டியதில்லை. அவர்கள் பூட்டிய கதவை மறக்க வேண்டியதுமில்லை. நம் ஊர்களில் வாசிகசாலையும் விளையாட்டுக் கழகமும் அமைக்கும் இளைஞர்கள் இதனைச் சிந்திப்பது நன்று. யாரை உறுப்பினராகச் சேர்ப்பது என்று விதி எழுதும்போது, யாரை வெளியே நிறுத்துகிறோம் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. வெளியே நிற்கும் சிறுவனோ சிறுமியோ நாளைய உலக வீரராக இருத்தல் கூடும்.