டெல்லி–மதுரை 2,075 கி.மீ. நடுவுல கொழும்பு வந்தா உங்க எல்.டி.ஏ என்ன ஆகும்?



குர்கான்ல வேலை பார்க்கிற ஒரு தம்பி போன வாரம் போன் பண்ணினார். "அண்ணா, லீவுக்கு மதுரை போறேன். அங்கிருந்து கொழும்பு பக்கம்தானே, ஒரு எட்டு பார்த்துட்டு அப்படியே டெல்லி திரும்பிடறேன். மதுரை டிக்கெட்டுக்கு மட்டும் எல்.டி.ஏ கிளெய்ம் பண்ணிக்கலாம்ல?"

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா பதில்: முடியாது.

முதல்ல தூரத்தைப் பார்ப்போம். டெல்லியிலிருந்து மதுரைக்கு வான்வழியில் சுமார் 2,075 கி.மீ. நேரா பறந்தா மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. ரயில்ல 2,600 கி.மீ.க்கு மேல, ரெண்டு ராத்திரி போயிடும். மதுரையிலிருந்து கொழும்பு வெறும் 350 கி.மீ.தான். ஆசை வரத்தான் செய்யும்!

இதே மாதிரி ஒரு விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கு. பாரத ஸ்டேட் வங்கி ஊழியர் ஒருவரின் ரூட்: டெல்லி–மதுரை–கொழும்பு–கோலாலம்பூர்–சிங்கப்பூர்–கொழும்பு–டெல்லி. நான் கூட்டிப் பார்த்தேன், 10,000 கி.மீ.க்கு மேல வருது. மதுரைக்கு நேரா போய்த் திரும்பியிருந்தா சுமார் 4,150 கி.மீ.தான்.

"இந்தியாவுக்குள்ள இருக்கிற குறுகிய ரூட் கட்டணத்துக்கு மட்டும்தானே விலக்கு கொடுத்தோம்" என்பது வங்கியின் வாதம். 2022 நவம்பர் 4 அன்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்தியாவில் ஓர் இடத்திலிருந்து இந்தியாவில் இன்னோர் இடத்துக்குப் போகும் பயணத்துக்குத்தான் இந்த விலக்கு. வெளிநாடு நடுவுல வந்துட்டா அது அந்தப் பயணமே இல்லை. வங்கி டி.டி.எஸ் பிடிச்சிருக்கணும்னு தீர்ப்பு.

இதுல கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒண்ணு இருக்கு. இந்தியாவுக்குள்ளேயே பெங்களூர், ராமேஸ்வரம்னு சுத்திப் போனா, குறுகிய ரூட்டுக்கான எகானமி கட்டணம் வரை விலக்கு உண்டு. மிச்சம் மட்டும் உங்க பாக்கெட். வெளிநாடு சேர்ந்தா மொத்த விலக்கும் போச்சு.

பணமா பார்க்கலாம். எல்.டி.ஏ ரூ.60,000, நீங்க 30% ஸ்லாப்னு வைங்க. செஸ் சேர்த்து 31.2%, அதாவது ரூ.18,720 வரி. கொழும்பு டிரிப்போட உண்மையான விலையில இதையும் சேர்த்துக்கோங்க.

கிளெய்ம் பண்றதுக்கு முன்னாடி செக் பண்ண வேண்டியவை:

1. பழைய வரி முறையில் இருக்கீங்களா? புதிய முறையில் இந்த விலக்கு கிடையாது.
2. நாலு காலண்டர் வருஷத்துக்கு ரெண்டு பயணம்தான். 2022–25 ஒரு பிளாக், அடுத்தது 2026–29. போன பிளாக்ல விட்டுப்போன ஒரு பயணத்தை 2026-ல் பயன்படுத்தலாம்.
3. பயணக் கட்டணம் மட்டும்தான். ஓட்டல், சாப்பாடு, ஊருக்குள்ள டாக்ஸி எதுவும் சேராது.
4. லீவு போட்டிருக்கணும். டிக்கெட், போர்டிங் பாஸ் பத்திரமா இருக்கணும்.

"தனித்தனியா டிக்கெட் போட்டா யாருக்குத் தெரியும்?"னு தம்பி விடல. பார்க்கிறது டிக்கெட்டை இல்லை, பயணத்தை. பொய்யான கிளெய்முக்கு வரி, வட்டி, அபராதம்னு மூணும் சேர்ந்து வரலாம்.

நான் சொன்னது இதுதான்: இந்த முறை மதுரை போய் அம்மா அப்பாவைப் பார்த்துட்டு நேரா திரும்புங்க, எல்.டி.ஏ எடுத்துக்கோங்க. கொழும்புக்கு இன்னொரு லீவுல, சொந்தக் காசுல போங்க.

முழு கணக்கையும் வீடியோவுல போட்டுக் காட்டியிருக்கேன். டிக்கெட் புக் பண்றதுக்கு முன்னாடி ஒருமுறை பார்த்துடுங்க!